மோதிரத்துக்குப் பக்கத்தில் அரிவாள்... பாரிஸை ஆட்டிவைத்த சீட்டு ஜோசியக்காரி!

உங்க முன்னாடி ரெண்டு சீட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணுல மோதிரம். இன்னொண்ணுல கதிர் அறுக்கிற நீளமான அரிவாள். லெனோர்மாண்ட் சீட்டை இதுக்கு முன்னாடி நீங்க பார்த்ததே இல்லைன்னாலும், இந்த ஜோடியைப் பார்த்ததும் மனசுக்குள்ள என்னமோ பண்ணும். மோதிரம் என்றால் பந்தம், ஒப்பந்தம், கல்யாணம். அரிவாள் என்றால் எதிர்பாராத வெட்டு. சேர்த்துப் படித்தால், ஒரு பந்தம் திடீரென்று அறுபடப் போகிறது.

இந்தச் சீட்டுக்கட்டு யாருடைய பெயரில் உலகமெங்கும் விற்கிறதோ, அந்தப் பெண்ணை 1809 டிசம்பர் 11-ம் தேதி பாரிஸ் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சரியாக நான்கு நாள் கழித்து, டிசம்பர் 15 அன்று, பேரரசர் நெப்போலியனும் அவர் மனைவி ஜோசஃபினும் தாங்கள் பிரியப்போவதாகக் குடும்பத்தார் முன்னிலையில் அறிவித்தார்கள். அந்த ஜோசியக்காரியிடம் அடிக்கடி குறி கேட்டவர்களில் ஜோசஃபினும் ஒருவர்.

மோதிரம், பக்கத்தில் அரிவாள். அரண்மனைக்கு வெளியே இருக்கும் ஒருத்திக்கு இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வி போலீஸுக்கும் இருந்தது. நமக்கும் இருக்கிறது. அதற்கு அவர் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்துவிட வேண்டும்.

மரி ஆன் அடலெய்ட் லெனோர்மாண்ட் பிறந்தது 1772 மே 27, பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் இருக்கும் அலான்சோன் ஊரில். கையால் பின்னும் லேஸுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா துணி வியாபாரி. ஐந்து வயதிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லாத பிள்ளையாகிவிட்டார் மரி. கன்னியாஸ்திரிகளின் மடத்துப் பள்ளியில் வளர்ந்தார். அங்கே மடத்துத் தலைவி பதவி இழப்பார் என்று சின்ன வயதிலேயே சொல்லி, அது அப்படியே பலித்தது என்று ஒரு கதை உண்டு. இந்த மாதிரிக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே சாட்சி, பின்னாளில் லெனோர்மாண்ட் தானே எழுதிய புத்தகங்கள்தான். அதனால கொஞ்சம் உப்பு சேர்த்தே எடுத்துக்கோங்க.

1786-ல் பதினான்கு வயதில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். மூன்றே வருடத்தில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நேற்று வரை கும்பிடப்பட்ட தலை இன்று கில்லட்டினில் உருளும். இன்று தீர்ப்புச் சொல்பவன் நாளைக்குக் கைதிக் கூண்டில் நிற்பான். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஊரில், நாளைக்கு நடப்பதைச் சொல்கிறேன் என்று ஒருத்தி உட்கார்ந்தால் கூட்டம் வராமல் இருக்குமா?

1793-ல் புரட்சித் தலைவர்கள் மரா, ரோபெஸ்பியர், செயின்ட் ஜஸ்ட் மூவரும் அவரிடம் வந்ததாகவும், மூன்று பேருக்குமே துர்மரணம் என்று அவர் சொன்னதாகவும் பிரபலமான கதை ஒன்று இருக்கிறது. மரா அந்த வருடம் ஜூலையிலேயே குளியல்தொட்டியில் குத்திக் கொல்லப்பட்டார். மற்ற இருவரின் தலையும் 1794 ஜூலை 28 அன்று ஒரே நாளில் போனது. கேட்க அட்டகாசமா இருக்கு. ஆனா 1793-ல் பாரிஸில் ஒரு அரசியல்வாதியைக் காட்டி இவர் நல்லபடியாகச் சாக மாட்டார் என்று சொல்வதற்கு ஜோசியம் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதையும் ஒரு ஓரமா நினைச்சுக்கோங்க.

அவர் கடை விரித்தது து தூர்னோன் தெரு, 5-ம் எண் வீட்டில். செனட் சபை கூடும் லக்சம்பர்க் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் தெரு. அரசியல்வாதிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நடந்தே வந்துவிடக்கூடிய தூரம். கடையின் இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு கெட்டிக்காரத்தனம் தெரிகிறது, இல்லையா? வாசலில் மாட்டிய பலகையில் ஜோசியம் என்று போடவில்லை. புத்தக விற்பனையாளர் என்றுதான் இருந்தது. காரணம் சட்டம். குறி சொல்வதையும் கனவுக்குப் பலன் சொல்வதையும் தொழிலாகச் செய்பவர்களுக்கு 11 முதல் 15 பிராங்க் வரை அபராதம் என்று 1810-ல் வந்த பிரெஞ்சு தண்டனைச் சட்டமே எழுதிவைத்தது.

உள்ளே போனவர்களிடம் முதலில் சீட்டை எடுக்க மாட்டார். கேள்வி கேட்பார். வயது, பெயரின் முதல் எழுத்து, பிடித்த நிறம், பிடித்த பூ, பிடித்த பிராணி, பிடிக்காத பிராணி. பிறகுதான் சீட்டை இடது கையால் வெட்டச் சொல்வார். எந்தப் பிராணி பிடிக்காது என்று கேட்டால் ஒருவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குரல், தயக்கம், கை விரலில் மோதிரம் இருந்த தழும்பு. சீட்டு விழுவதற்குள்ளேயே பாதி வாசித்து முடித்திருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

இப்போ சீட்டை எப்படிப் படிப்பாங்கன்னு கொஞ்சம் பார்த்துடலாம். ஏன்னா, ஜோசஃபின் கதை புரிய அது வேணும்.

லெனோர்மாண்ட் கட்டில் மொத்தம் 36 சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சாதாரணப் படம். குதிரைக்காரன், கப்பல், வீடு, மரம், மேகம், பாம்பு, சவப்பெட்டி, நாய், நரி, மலை, எலிகள், கடிதம், சாவி, மீன், நங்கூரம், சிலுவை இப்படி. ஓரத்தில் நாம சீட்டாடுற ஆர்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் சின்னமும் சிலதில் இருக்கும். டாரட் மாதிரி ஒரே சீட்டுக்குள் பத்து அர்த்தம் தேட வேண்டியதில்லை. கிளி எடுத்துக் கொடுத்த ஒற்றைச் சீட்டை வைத்து முழுப் பலன் சொல்லவும் முடியாது. இதில் ஒரு சீட்டு தனியாக எதுவுமே பேசாது. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கணக்கு. ஜாதகத்தில் கிரகச் சேர்க்கை பார்ப்பதில்லையா, அதே புத்தி. குரு தனியா இருந்தா ஒரு பலன், சனியோட சேர்ந்தா வேற பலன்.

முதல் சீட்டு விஷயத்தைச் சொல்லும். அடுத்தது அந்த விஷயம் என்ன ஆகும் என்று சொல்லும். கடிதத்துக்குப் பக்கத்தில் எலிகள் வந்தால், எதிர்பார்த்த தகவல் வழியிலேயே தொலைகிறது. நாய் என்பது நண்பன். பக்கத்தில் நரி வந்தால் அந்த நண்பனைக் கொஞ்சம் தள்ளியே வைக்கச் சொல்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் மலை வந்தால் வீட்டு விஷயம் தடைபட்டு நிற்கிறது. கப்பலுக்குப் பக்கத்தில் மீன் வந்தால் வெளியூர் வழியாகப் பணம்.

வரிசை மாறினால் கதை மாறும். குதிரைக்காரனுக்குப் பிறகு சவப்பெட்டி என்றால், ஏதோ ஒன்று முடிந்துபோன செய்தி வருகிறது. சவப்பெட்டிக்குப் பிறகு குதிரைக்காரன் என்றால், முடிந்துபோனதற்கு அப்புறம் புதுச் செய்தி வருகிறது. ஆரம்பத்தில் பார்த்த ஜோடியைத் திருப்பிப் போடுங்க. அரிவாள் முதலில், மோதிரம் இரண்டாவதாக. இப்போது வெட்டு முந்திக்கொண்டது. அதிரடியான ஒரு முடிவு, அதைத் தொடர்ந்து ஒரு புதுப் பந்தம்.

ஜோசஃபினுக்கு நடந்தது மூன்று சீட்டு. மோதிரம், அரிவாள், மோதிரம். கடைசி மோதிரம் அவர் விரலுக்கானது இல்லை.

ஜோசஃபின் கரீபியன் கடலில் இருக்கும் மார்ட்டினிக் தீவில் 1763-ல் பிறந்தவர். முதல் கணவர் கில்லட்டினில் இறந்தார். அவர் மூலம் யூஜின், ஒர்தான்ஸ் என்று இரண்டு பிள்ளைகள். ஜோசஃபினும் சிறையில் இருந்தவர்தான், உயிர் தப்பியது பெரிய விஷயம். 1796 மார்ச்சில் நெப்போலியனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1804 டிசம்பரில் பேரரசியாக முடிசூடினார். எல்லாம் இருந்தது. நெப்போலியனுக்கு ஒரு பிள்ளை மட்டும் பிறக்கவில்லை.

உங்களுக்கு இந்த நிலைமையை விளக்கிச் சொல்லவே வேண்டாம். முதல் கல்யாணத்தில் இரண்டு பிள்ளை பெற்றவர் என்பதால் குறை அவரிடம் இல்லை என்று சில வருடம் ஓடியது. 1806 டிசம்பரில் வேறொரு பெண் மூலம் நெப்போலியனுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்த நாளோடு அந்த வாதம் போச்சு. வாரிசாக நினைத்து வளர்த்த பேரன், ஒர்தான்ஸின் மூத்த பிள்ளை, 1807 மே மாதம் இறந்தான். 1809-ல் ஜோசஃபினுக்கு 46 வயது. மாமியார் வீட்டார் முழுப் பேரும் எதிரே. நாத்தனார்கள் எப்போது இவள் போவாள் என்று காத்திருந்தார்கள்.

அந்த நிலைமையில் ஒரு பெண் ஜோசியக்காரியைக் கூப்பிட்டு என்ன கேட்டிருப்பார்? திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான். பதில் பிடிக்கவில்லை என்றால் மறுபடி சீட்டைக் கலைக்கச் சொல்லியிருப்பார். ஜோசியத்தை நம்புகிறவர்களை விடுங்கள், நம்பாதவர்களுக்கும் இப்படி ஒரு காலம் வாழ்க்கையில் வந்துபோயிருக்கும்.

ஆக, அரிவாள் விழப்போகிறது என்பதை லெனோர்மாண்ட் எதிலிருந்து படித்தார்? 1806-ன் குழந்தை, 1807-ன் மரணம், ஜோசஃபினின் வயது. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். பாரிஸில் காய்கறி விற்பவருக்கே அந்தச் சேர்க்கைக்குப் பலன் தெரிந்திருக்கும். லெனோர்மாண்டுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கக்கூடியது, சம்பந்தப்பட்ட பெண் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்பது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு உறுத்தியதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பேரரசரின் படுக்கையறை விஷயம் தெருவில் ஒரு மேஜையில் பேசப்பட்டால் எந்த அரசாங்கம் சும்மா இருக்கும்?

சில நாளில் விட்டுவிட்டார்கள். 1810 ஏப்ரலில் நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசி மரி லூயிஸைக் கைப்பிடித்தார். 1811 மார்ச்சில் மகன் பிறந்தான். ஜோசஃபின் பாரிஸுக்கு வெளியே தன் மல்மேசோன் மாளிகையில் ரோஜா வளர்த்துக்கொண்டிருந்தார். 1814 மே 29 அன்று அங்கேயே இறந்தார்.

அந்த 1814-ல்தான் லெனோர்மாண்டின் முதல் புத்தகம் வெளிவந்தது. 1809 கைதுக்குப் பின்னால் இருந்த ரகசியக் காரணங்களைச் சொல்வதாகத் தலைப்பு. நெப்போலியன் பதவியிழந்து எல்பா தீவுக்குப் போன வருடம். முன்கூட்டியே தெரியும் என்று சொல்லும் புத்தகம், எல்லாம் நடந்து முடிந்து, கைது செய்ய ஆளும் இல்லாத நேரத்தில் வருகிறது! 1820-ல் ஜோசஃபினின் ரகசிய நினைவுகள் என்று இன்னொரு பெரிய புத்தகம். அதை அப்படியே நம்பும் வரலாற்று ஆசிரியர்கள் இல்லை. ஆனால் விற்றது. இறந்துபோன பேரரசியின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை வைத்தால் தன் பெயருக்கு என்ன பலன் கிடைக்கும் என்று அவருக்கா தெரியாது?

வாய்ப்பந்தல் போடுறாங்கன்னு ஒதுக்கிடலாமா? எனக்கு அது நியாயமாப் படலை. அப்பா, அம்மா இல்லை, கணவர் இல்லை, குலப்பெருமை இல்லை. கடைசி வரை மத்மசேல், அதாவது செல்வி லெனோர்மாண்டாகவே இருந்தவர். அந்தக் காலத்து பிரான்ஸில் கல்யாணமான பெண் தன் சொத்தைத் தன் இஷ்டத்துக்கு விற்கக்கூட கணவர் சம்மதம் வேண்டும். அந்த ஊரில் நாற்பது வருடத்துக்கு மேல் சொந்தக் காலில் நின்று, கடை நடத்தி, புத்தகம் போட்டு, மூன்று விதமான ஆட்சியைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பிழைத்துக்கொண்டார். ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்ஸாண்டர்கூட அவரிடம் குறி கேட்டார் என்று பேச்சு.

1821-ல் பெல்ஜியம் பக்கம் போன இடத்திலும் மாட்டிக்கொண்டார். சிறை, வழக்கு. வெளியே வந்ததும் அடுத்த வருடமே அதையும் புத்தகமாக்கினார். தன்னுடைய நூறு நாள் துன்பம் என்று தலைப்பில் சேர்த்துக்கொண்டார். நெப்போலியன் எல்பாவிலிருந்து திரும்பி ஆண்ட காலத்தை நூறு நாள்கள் என்றுதான் பிரான்ஸில் சொல்வார்கள். பாருங்க, இங்கேயும் பக்கத்தில் யாரை உட்கார வைக்கிறார் என்று!

தனக்கு ஆயுள் நூறைத் தாண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், 1843 ஜூன் 25 அன்று 71 வயதில் இறந்தார். பாரிஸின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ஐந்து லட்சம் பிராங்க் சொத்து விட்டுப்போனதாகச் சொல்லப்படுகிறது. உடன்பிறப்பு வழியில் ராணுவத்தில் இருந்த ஒரு மருமகன்தான் வாரிசு. தீவிரக் கத்தோலிக்கர். பணத்தை எடுத்துக்கொண்டு, ஜோசிய சாமான் முழுவதையும் கொளுத்திவிட்டாராம்.

அப்படியானால் இன்று நம் கைக்கு வரும் 36 சீட்டு எது?

அது அவருடையதே இல்லை. லெனோர்மாண்ட் கையாண்டது சாதாரண விளையாட்டுச் சீட்டையும் அந்தக் கால டாரட் கட்டையும்தான். இந்த 36 படமும் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் 1799 வாக்கில் வெளிவந்த நம்பிக்கை விளையாட்டு என்ற குடும்ப விளையாட்டிலிருந்து வந்தவை. உருவாக்கியவர் யோஹான் காஸ்பர் ஹெக்டெல். சீட்டுகளை ஆறுக்கு ஆறாகப் பரப்பி, பகடை உருட்டி, காய் நகர்த்த வேண்டும். ஏறக்குறைய நம்ம பரமபதம். கப்பலில் ஏறினால் பறவைகள் இருக்கும் கட்டத்துக்குத் தாவலாம். சவப்பெட்டியில் விழுந்தால் ஆட்டம் நின்றுபோகும். 35-ம் கட்டமான நங்கூரத்தில் போய் நின்றால் ஜெயம். கிறிஸ்தவ மரபில் நங்கூரம் நம்பிக்கையின் சின்னம், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு கட்டம் தாண்டிப்போனால் 36, சிலுவை. இதே சீட்டுகளை வைத்துக் குறி சொல்லியும் பொழுதுபோக்கலாம் என்று விளையாட்டின் விதித்தாளிலேயே ஒரு குறிப்பு இருந்தது.

லெனோர்மாண்ட் இறந்த சில வருடங்களில் பதிப்பாளர்கள் அந்தக் கட்டை எடுத்து, அவர் பெயரைப் பெட்டி மேல் போட்டு விற்கத் தொடங்கினார்கள். விளையாட்டு வெளிவந்த காலத்திலேயே ஹெக்டெல் இறந்துபோயிருந்தார், கேட்க ஆள் இல்லை. விளையாட்டின் பிரதி ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் கட்டை வாங்கிப் பார்க்கணும்னு தோணுதா? தாராளமா பாருங்க. பொழுதுபோக்காக உருவானது, பொழுதுபோக்காகவே இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம். எதிரே உட்கார்ந்திருப்பவர் கலங்கிப்போய் வந்திருந்தால் மரமும் சவப்பெட்டியும் சேர்ந்து விழுந்ததை வைத்து உடம்பைப் பற்றிப் பலன் சொல்லாதீங்க. மோதிரத்துக்குப் பக்கத்தில் அரிவாள் வந்துவிட்டதென்று ஒரு நிச்சயதார்த்தத்தை நிறுத்தினால், அந்தச் சீட்டு பொறுப்பேற்காது, நீங்களும் ஏற்க முடியாது.

பெரிய பரப்பு போடுவதென்றால் 36 சீட்டையும் கலைத்து, வரிசைக்கு ஒன்பதாக நான்கு வரிசை வையுங்கள். கேட்பவர் பெண் என்றால் 29-ம் எண் சீட்டைத் தேட வேண்டும். பெண் படம், ஓரத்தில் இஸ்பேட் ஆஸ். ஆண் என்றால் 28. அதை ஒட்டி விழுந்த சீட்டுகளுக்குப் பலம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறையும். மேகம் எங்கே இருக்கிறது, அதன் கறுத்த பக்கம் அவளை நோக்கி இருக்கிறதா, வெளுத்த பக்கமா என்று பாருங்கள். பிறகு அவள் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். கட்டுக்குக் கட்டு மாறும், சிலதில் இடப்பக்கம், சிலதில் வலப்பக்கம். அவள் முதுகுக்குப் பின்னால் கிடப்பதெல்லாம் நடந்து முடிந்தது. வாசிப்பை அவள் பார்க்கிற பக்கத்தில் முதல் சீட்டிலிருந்து ஆரம்பிங்க.